உறையிட்ட காந்த நானோ துகளும் மருந்து வெளியீடும்: ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

உள்ளே மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) கரு, அதன் மேல் சிட்ரேட் (சிட்ரிக் அமிலப் படலம்), சிட்ரேட்டில் ஒட்டிய டாக்ஸோரூபிசின் (புற்றுநோய் மருந்து), வெளியே கைட்டோசன் (இயற்கைப் பாலிமர்) உறை. காந்தத்தால் இழுக்கவும் வேண்டும், அமிலச் சூழலில் மருந்தை விடவும் வேண்டும் என்றால் பல ஆய்வகங்கள் இப்படியொரு அமைப்பில்தான் தொடங்குகின்றன. கீழுள்ள பதில்கள் எல்லாம் இதை மனதில் வைத்து எழுதியவை. வேறு பாலிமரோ வேறு மருந்தோ எடுத்தால் எண்கள் மாறும். சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறாது.

தயாரிப்பில் எவ்வளவு எவ்வளவு எடுப்பது?

ரெனே மசார்ட் 1981-இல் வெளியிட்ட இணைவீழ்படிவு முறைதான் (இரண்டு இரும்பு உப்புகளையும் காரத்தால் ஒன்றாக வீழ்படியச் செய்வது) இன்றும் எளியது. ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம் (20 மில்லிமோல்), ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2.0 கிராம் (10 மில்லிமோல்). இரண்டையும் 100 மி.லி. நீரில் கரையுங்கள். கரைப்பதற்கு முன்பே அந்த நீரில் அரை மணி நேரம் நைட்ரஜன் ஓடியிருக்க வேண்டும். 80 டிகிரியில் வேகமாகக் கலக்கிக்கொண்டே 25% அம்மோனியா 20 மி.லி. ஊற்றினால் கரைசல் காரமாகும்; ஆறியபின் பிஎச் 9-ஐத் தாண்டியிருக்கும். கரைசல் உடனே கருக்கும். பழுப்பாக வந்தால் இரண்டில் ஒன்று: ஆக்ஸிஜன் புகுந்திருக்கிறது, அல்லது ஃபெரஸ் உப்பு பழசாகிப் போயிருக்கிறது. பாட்டிலில் உள்ள ஃபெரஸ் குளோரைடு வெளிர்பச்சையாக இல்லாமல் மஞ்சள் தட்டியிருந்தால் அதை எடுக்காதீர்கள். 1:2 விகிதம் அங்கேயே கெட்டுவிட்டது.

முழுதாக வந்தால் 2.3 கிராம் மேக்னடைட். அதோடு 10 மி.லி. நீரில் கரைத்த 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

ஒரு வேலையை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். வெறும் துகள், சிட்ரேட் துகள், மருந்தேற்றிய துகள், கைட்டோசன் போர்த்திய துகள் என நான்கு நிலையிலும் 100 மி.கி. அளவு தனியே எடுத்து வையுங்கள். ஒப்பிட வெறும் துகள் இல்லையே என்று ஆறு மாதம் கழித்துப் புதிதாகத் தயாரித்தால் அது வேறு துகள்.

சிட்ரேட் போட்ட பிறகு காந்தம் வைத்தாலும் துகள் கீழே வரவில்லை. கெட்டுவிட்டதா?

இல்லை, நன்றாக வந்திருக்கிறது. தனித்தனியாக மிதக்கும் 10 நானோமீட்டர் துகளை மேசைக் காந்தம் சட்டென இழுக்காது. சம அளவு அசிட்டோன் ஊற்றுங்கள். திரண்டு வரும், அப்போது காந்தத்தில் பிடித்துக் கழுவலாம். மூன்று முறை போதும். மேலும் மேலும் கழுவினால் சிட்ரேட்டே கழன்று வரும்.

எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு) மேக்னடைட்டா மேக்ஹமைட்டா (மேக்னடைட் ஆக்ஸிஜனேறி வரும் இரும்பு ஆக்சைடு) என்று சொல்ல முடியுமா?

உச்சிகளின் இடத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தாமிரக் குழாயில் 30.1, 35.5, 43.1, 53.5, 57.0, 62.6 டிகிரிகளில் வரும் உச்சிகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. செல் நீளம் மேக்னடைட்டில் 8.396 ஆங்ஸ்ட்ராம், மேக்ஹமைட்டில் 8.346. 10 நானோமீட்டர் துகளின் அகன்ற உச்சியில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும். ராமன் நிறமாலை எடுத்தால் மேக்னடைட்டின் 670 அலையெண் உச்சி உதவும். ஆனால் லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வைக்காவிட்டால் லேசர் சூட்டிலேயே துகள் ஹெமடைட்டாக (இன்னொரு இரும்பு ஆக்சைடு) மாறி 225, 290 உச்சிகளைக் காட்டும். மாதிரியில் ஹெமடைட் இருக்கிறது என்று எழுதிவிடுவீர்கள், உண்டாக்கியது நீங்கள். உறுதி வேண்டுமானால் மாஸ்பவர் (இரும்பணுவின் நிலையைக் காட்டும் காமா கதிர் அளவீடு).

மருந்து வெளியீட்டுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. இரண்டுமே காந்தத்துக்கு இழுபடும், இரண்டின் மேற்பரப்பும் சிட்ரேட்டைப் பிடிக்கும். 60 டிகிரி அடுப்பில் காற்றில் உலர்த்திய பொடியைச் சுத்த மேக்னடைட் என்று அடித்துச் சொல்வதைவிட 'மேக்னடைட்/மேக்ஹமைட்' என்று எழுதுவது நேர்மை.

பின்னணி மேடேறி உச்சிகள் தெரியவில்லையா? தாமிரக் கதிரில் இரும்பு ஒளிர்வதால் வருவது அது. மோனோகுரோமேட்டர் போடுங்கள், அல்லது கோபால்ட் குழாய் உள்ள கருவியைத் தேடுங்கள்.

எக்ஸ்ஆர்டி 10 நானோமீட்டர் என்கிறது, டெம் (ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி) 12 என்கிறது, டிஎல்எஸ் (ஒளிச்சிதறலால் அளவு காணும் முறை) 120 என்கிறது. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். மூன்றும் வேறு வேறு பொருளை அளக்கின்றன.

எக்ஸ்ஆர்டி தருவது படிகத்தின் அளவு. 35.5 டிகிரி உச்சியின் அரை உயர அகலம் 0.8 டிகிரி என்று வையுங்கள். ரேடியனில் 0.01396, பாதிக் கோணம் 17.75-இன் கோசைன் 0.952. ஷெரர் சூத்திரப்படி 0.9 × 1.5406 ÷ (0.01396 × 0.952) = 104 ஆங்ஸ்ட்ராம், அதாவது 10.4 நானோமீட்டர். கருவியின் சொந்த அகலத்தை முதலில் கழிக்காவிட்டால் உண்மையைவிடச் சின்ன எண் வரும்.

டெம் படத்தில் தெரிவது கருவின் விளிம்பு. கைட்டோசன் அதில் கிட்டத்தட்டத் தெரியாது. யுரானில் அசிட்டேட்டோ பாஸ்போடங்ஸ்டிக் அமிலமோ கொண்டு சாயமிட்டால்தான் உறை வெளுப்பாகத் தெரியும். குறைந்தது 200 துகளை எண்ணுங்கள், கிரிட்டின் (மாதிரி வைக்கும் வலைத்தட்டு) பல சதுரங்களிலிருந்து எடுத்து எண்ணுங்கள். ஒரே அழகான படத்தில் இருக்கும் 30 துகள் உங்கள் கண் பொறுக்கியெடுத்தவை. கிரிட்டில் துகள்கள் திரண்டு கிடப்பதைப் பார்த்துக் கரைசலிலும் திரண்டிருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். துளி உலரும்போதே திரளும்.

டிஎல்எஸ் சொல்வது கரு, உறை, ஒட்டிய நீர் எல்லாம் சேர்ந்து நகரும் உருண்டையின் அளவு. சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100 நானோமீட்டர் திரள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள் பத்து லட்சத்துக்குச் சமமாகச் சிதறடிக்கும். ஆகவே கொஞ்சம் திரள் இருந்தாலும் ஒளித்தீவிர அடிப்படையிலான சராசரி அதன் பக்கம் சாயும். அதை மறைக்க எண்ணிக்கை அடிப்படைக்கு மாற்றி 15 என்று காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு ஒளிவிலகல் எண், உட்கவர்தல், உருண்டை வடிவம் என்று பல அனுமானங்கள் வேண்டும். ஒளித்தீவிர அடிப்படையிலான சராசரியையும் பிடிஐ-யையும் (அளவுப் பரவலைக் காட்டும் எண்) முதலில் தாருங்கள், பிடிஐ 0.2-க்குக் கீழே வருவது நல்லது, 0.4-க்கு மேல் போனால் சராசரிக்கே பொருள் குறைவு.

செறிவும் கவனிக்கத்தக்கது. இந்தத் துகள் லேசரை உறிஞ்சும். பால் கலக்காத வெளிர் தேநீர் நிறம் வரும்வரை, சுமார் 0.05 மி.கி./மி.லி. அளவுக்கு, நீர்த்துக்கொள்ளுங்கள். பாதியாக நீர்த்து மறுபடி அளந்தாலும் அதே எண் வந்தால் செறிவு சரி.

ஒப்பிட ஒரு மருந்தையே எடுக்கலாம். சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால், மாவுச்சத்து வகை உறை போர்த்திய இரும்பு ஆக்சைடுதான். அதன் முழுத்துகள் அளவு 17 முதல் 31 நானோமீட்டர் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. உங்கள் 120, பல கருக்கள் ஒரே கைட்டோசன் போர்வைக்குள் இருப்பதைக் காட்டுகிறது. குற்றமில்லை. 'ஒற்றைக் கரு, ஒற்றை உறை' என்று படம் வரையாமல் இருந்தால் சரி.

உறை போர்த்தியதை எப்படி நிரூபிப்பது? எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) போதுமா?

போதாது. 580 அலையெண்ணில் இரும்பு–ஆக்ஸிஜன் பட்டையும் 1650, 1590, 1070 பக்கங்களில் கைட்டோசன் பட்டைகளும் இருந்தால், பொடியில் இரண்டும் இருக்கின்றன என்று மட்டுமே அர்த்தம். வெறுமனே கலந்து அரைத்தாலும் இதே வரைபடம்தான் வரும். போதாக்குறைக்கு ஈரம் 1630-இல் ஒரு பட்டையை நுழைக்கும். பொட்டாசியம் புரோமைடை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தியிருந்தால் மட்டும் அந்தப் பகுதியை நம்புங்கள்.

ஜீட்டா மின்னழுத்தம் (துகள் பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் எண்) நல்ல சாட்சி. சிட்ரேட் துகள் நடுநிலை பிஎச்-இல் மைனஸ் 30 மில்லிவோல்ட் பக்கம் நிற்கும். கைட்டோசன் ஏறியதும் பிஎச் 5.5-இல் பிளஸ் பக்கம் புரளும். தனிக் கைட்டோசன் கரைசலில் மிச்சமிருந்தால் அதுவும் அளவைக் குழப்பும் என்பதால் கழுவிய பிறகே அளக்க வேண்டும். பின்னணியில் 1 அல்லது 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கட்டும். வெறும் நீரில் அளந்த ஜீட்டாவை மறுநாள் மறுபடி எடுக்க முடியாது. பிஎச் எழுதாத ஜீட்டா எண்ணுக்கு மதிப்பே இல்லை.

போர்த்தும்போது நிகழும் பொதுவான தவறு ஊற்றும் வரிசை. கைட்டோசனைத் துகளின் மேல் சொட்டினால், மின்னூட்டம் மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகும் வழியில் பூஜ்ஜியத்தைக் கடக்கும் நேரத்தில் துகள் முழுவதும் திரண்டு உட்கார்ந்துவிடும். மிகையாக இருக்கும் கைட்டோசன் கரைசலுக்குள் (1 மி.கி./மி.லி., பிஎச் 5.5) துகளைச் சொட்டுங்கள்.

டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளக்கும் முறை) எண்ணை எப்படிக் கணக்கிடுவது? இரண்டு இழப்புகளைக் கழித்தால் போதுமா?

கழிக்கக் கூடாது, அடிப்படை மாறுகிறது. உதாரணமாக 600 டிகிரி வரை வெறும் துகள் 4%, சிட்ரேட் துகள் 11%, மருந்தும் கைட்டோசனும் சேர்ந்த துகள் 27% இழக்கிறது என்போம். மிஞ்சிய இரும்பு ஆக்சைடு ஒரு கிராமுக்குக் கணக்கிடுங்கள்: 4/96 = 0.042; 11/89 = 0.124; 27/73 = 0.370. சிட்ரேட் 0.082 கிராம், மருந்தும் கைட்டோசனும் 0.246 கிராம்.

இந்தச் சிட்ரேட் எண்ணை ஒரு முறை உரசிப் பாருங்கள். 10 நானோமீட்டர் உருண்டையின் பரப்பு, அடர்த்தி 5.18 என்று கொண்டால், கிராமுக்கு 116 சதுர மீட்டர். அதில் 0.082 கிராம் சிட்ரேட் என்பது சதுர நானோமீட்டருக்கு இரண்டுக்குச் சற்று மேல் மூலக்கூறு. ஓர் அடுக்குக்குப் பொருந்தும். ஐந்து, ஆறு என்று வந்தால் கழுவல் போதவில்லை.

வாயுவும் எண்ணை மாற்றும். காற்றில் மேக்னடைட் ஆக்ஸிஜனை வாங்கி 3.5% வரை எடை கூடும்; அது உறையின் இழப்பில் ஒரு பங்கை மறைக்கும். நைட்ரஜனில் 600-க்கு மேல் போனால் உறையின் கரி ஆக்சைடையே ஒடுக்கி, இல்லாத ஓர் இழப்பைக் காட்டும்.

உறை போட்டதும் விஎஸ்எம் (காந்தமாக்கலை அளக்கும் கருவி) எண் விழுந்துவிட்டது. காந்தம் போய்விட்டதா?

பெரும்பாலும் எடைக் கணக்குதான். உறையிட்ட பொடி 48 ஈஎம்யு/கிராம் (ஈஎம்யு காந்தமாக்கலின் அலகு), அதில் 27% கரிமப் பொருள் என்றால் ஆக்சைடு கிராமுக்கு 48 ÷ 0.73 = 66. வெறும் துகளுக்கும் 66 பக்கமே வந்திருந்தால் கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்படிகத்தின் 92-ஐ நானோ துகள் தொடாது. மேற்பரப்பு அணுக்களின் காந்தச் சுழற்சிகள் (ஸ்பின்) ஒழுங்கில் நிற்பதில்லை.

பொடியைப் பஞ்சு வைத்தோ மெழுகிலோ இறுக்குங்கள். துகள் புலத்தில் திரும்பினால் வளைகோடு வேறு கதை சொல்லும். 10–20 ஓயர்ஸ்டட் (காந்தப்புல அலகு) காந்த நீக்கும் புலம் தெரிந்தால் பதற வேண்டாம். மீகடத்திக் காந்தத்தில் தேங்கிய புலமே அவ்வளவு இருக்கும்.

மருந்து எவ்வளவு ஏறியது என்பதை மேல்நீரை அளந்து கழித்தால் போதாதா?

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். 10 மி.கி. துகள், 2 மி.கி. டாக்ஸோரூபிசின், 10 மி.லி. ஹெப்பஸ் பஃபர் (பிஎச்-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 7.4, இருட்டில் 24 மணி நேரம். மேல்நீரில் 0.6, கழுவுநீரில் 0.1 மி.கி. என்றால் ஏறியது 1.3, பிடிப்புத் திறன் 65%, ஏற்றம் 1.3/11.3 = 11.5%. ஆனால் டாக்ஸோரூபிசின் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். குழாயில் ஒட்டியதும் துகளில் ஏறியதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். துகளே இல்லாத குழாய் ஒன்றை அதே 24 மணி நேரம் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் துகளை ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து மருந்தை நேராகவும் எடுத்துப் பாருங்கள். இரண்டு வழிக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நேரடி எண்ணை நம்பலாம். கைட்டோசன் போர்த்தும்போது வெளியேறும் மருந்தும் கழிபட வேண்டும், பிஎச் 5.5-இல் அது சிறிதல்ல.

இது உயிரணுவைக் கொல்லும் மருந்து. இரட்டைக் கையுறை, பாதுகாப்புப் பெட்டி, தனிக் கழிவுப் பாட்டில் இல்லாமல் தொடக் கூடாது.

டயாலிசிஸ் பையில் வெளியீடு எடுக்கும் முறை என்ன?

12–14 கிலோடால்டன் பை (அதைவிடச் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும்), உள்ளே 1 மி.லி.-இல் 5 மி.கி. துகள் (மருந்து 575 மைக்ரோகிராம்), வெளியே 50 மி.லி. பஃபர், 37 டிகிரி, நிமிடத்துக்கு 100 சுழற்சி, சுற்றிலும் அலுமினியத் தாள். 0.5, 1, 2, 4, 8, 12, 24, 48 மணிகளில் 1 மி.லி. எடுத்து, அதே சூட்டில் உள்ள புது பஃபர் 1 மி.லி. ஊற்றுங்கள்.

எடுத்துவிட்ட மருந்தைக் கூட்ட மறக்காதீர்கள். முதல் மூன்று மாதிரிகள் மி.லி.-க்கு 1.0, 1.6, 2.4 மைக்ரோகிராம் என்றால், மூன்றாம் நேரத்தில் மொத்தம் 2.4 × 50 + (1.0 + 1.6) × 1 = 122.6 மைக்ரோகிராம், 21.3%.

முழு மருந்தும் வெளியே வந்தாலே 11.5 மைக்ரோகிராம்/மி.லி.; 480 நானோமீட்டரில் உட்கவர்தல் 0.23 தான். தொடக்க மாதிரிகள் 0.02 அளவில் இரைச்சலோடு கலந்துவிடும். ஒளிர்வில் (480-இல் தூண்டி 590-இல்) அளங்கள்.

என் வளைகோடு 'முதலில் வேகம், பிறகு நிதானம்' என்று அழகாக வருகிறது. கட்டுப்பட்ட வெளியீடு என்று எழுதலாமா?

பையில் வெறும் மருந்துக் கரைசலைப் போட்டுப் பார்த்தீர்களா? அதுவும் இதே வடிவத்தில்தான் வரும். வெறும் மருந்து பையைத் தாண்டி 80% வெளிவர நான்கு மணி நேரம் எடுத்தால், உங்கள் துகள் வளைகோட்டின் முதல் நான்கு மணி நேரத்தை வரைந்ததில் பெரும்பங்கு பையுடையது. வெறும் மருந்து, 'துகள் + அப்போதுதான் கலந்த மருந்து', ஏற்றிய துகள் என மூன்றையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். நடுவில் உள்ளதை யாரும் செய்வதில்லை. ஏற்றியதும் வெறுமனே கலந்ததும் ஒன்றுபோல நடந்துகொண்டால், உறை எதையும் பூட்டி வைக்கவில்லை என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பையே வேண்டாம் என்றால் துகளை நேரே பஃபரில் விட்டு, ஒவ்வொரு முறையும் 30 கிலோடால்டன் வடிகுழாயில் சுழற்றிப் பிரிக்கலாம். செலவு கூடும், மருந்து வடிதாளில் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிஎச் 5-இல் அதிகம், 7.4-இல் குறைவு. பிஎச் உணர்வு நிரூபணமாகிவிட்டதா?

இங்கேதான் அதிகம் வழுக்கும். 5-க்கு அசிட்டேட், 7.4-க்குப் பாஸ்பேட் என்றால் நீங்கள் மாற்றியது பிஎச் மட்டுமல்ல, அயனியையும்தான். பாஸ்பேட் இரும்பு ஆக்சைடு பரப்பை விடாமல் பிடிக்கும். சிட்ரேட்டைத் தள்ளி அதோடு மருந்தையும் தள்ளிவிடும். சிட்ரேட் பஃபரோ இரும்பையே கரைக்கும். 7.4-ஐ ஹெப்பஸிலும் பாஸ்பேட்டிலும் தனித்தனியே செய்யுங்கள். உப்பின் செறிவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது, கைட்டோசன் பிஎச் 6.5-க்கு மேல் மின்னூட்டத்தை இழந்து திரளும். 7.4-இல் பையின் அடியில் கருப்பாகப் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரண்ட கட்டியிலிருந்து மருந்து மெதுவாக வருவதை 'வாயில் மூடிக்கொண்டது' என்று எழுதிவிடுவது எளிது. அதே பஃபரில் 24 மணி நேர டிஎல்எஸ் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரியும்.

மூன்றாவது, பிஎச் 5-இல் கொஞ்சம் இரும்பு கரையும். ஃபெரிக் இரும்பும் டாக்ஸோரூபிசினும் சேர்ந்தால் ஊதா நிறக் கூட்டு உண்டாகி 600 நானோமீட்டர் பக்கம் புதுப் பட்டை தோன்றும், ஒளிர்வு மங்கும். வெளியான மருந்து குறைத்துக் காட்டப்படும். மாதிரியில் ஈடிடிஏ (இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேர்த்து மறுபடி அளங்கள். எண் ஏறினால் காரணம் இதுதான். வெளியே வந்த இரும்பை ஃபெனாந்த்ரோலின் முறையில் 510 நானோமீட்டரில் பார்த்துவிடலாம்; முதலில் ஹைட்ராக்ஸிலமின் கொண்டு ஒடுக்க வேண்டும்.

டாக்ஸோரூபிசினுக்குப் பதில் குர்குமின் (மஞ்சளில் உள்ள சேர்மம்) வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில், பிஎச் 7.2-இல் அரை மணி நேரத்திலேயே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். 48 மணி நேர வெளியீட்டு வளைகோட்டில் தட்டையாகும் இடம், வெளியீடு நின்ற இடமாக இல்லாமல் வெளியீடும் சிதைவும் சமமான இடமாக இருக்கலாம். நீரில் கரையாததால் ட்வீன் 80 போன்ற கரைய உதவும் பொருள் 0.5–1% சேர்க்க வேண்டிவரும். அதுவும் உறையைக் கலைக்கக்கூடும்.

வெளியீட்டு வளைகோட்டை எந்தச் சமன்பாட்டில் பொருத்துவது?

ஹிகுச்சி சமன்பாடு 1961-இல் களிம்புக்காக எழுதியது. நானோ துகளுக்கு அது பொருந்துவதும் பொருந்தாததும் பெரிய செய்தியல்ல. கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாட்டை (வெளியீடு நேரத்தின் ஓர் அடுக்கில் ஏறும் என்பது) முதல் 60% வெளியீடு வரை மட்டும் பொருத்துங்கள். உருண்டைக்கு அடுக்கு 0.43 என்றால் விரவல், 0.85 என்றால் பாலிமர் தளர்வு, 0.45, 0.89 உருளைக்கு உரியவை, அவற்றை எடுத்து உருண்டைக்கு எழுதுவது சலிக்காமல் நடக்கும் தவறு. நான்கு புள்ளியில் R² (பொருத்தத்தின் அளவு) 0.99 வந்தால் மகிழ ஒன்றுமில்லை. பை கட்டுப்படுத்தும் வளைகோட்டை எந்தச் சமன்பாட்டில் போட்டாலும் கிடைப்பது பையின் அடுக்கு எண்தான்.

மாறுகாந்தப் புலத்தில் வெளியீடு கூடுகிறது. சூட்டாலா, புலத்தாலா?

புலம் போட்ட மாதிரி எந்த வேகத்தில் எந்தச் சூட்டை எட்டியதோ, அதே வேகத்தில் நீர்த்தொட்டியில் இன்னொரு மாதிரியைச் சூடாக்குங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் அது சூடு. அலுமினியத் தாள், உலோகத் தெர்மோகப்பிள் இரண்டையும் சுருளுக்குள் கொண்டுபோகாதீர்கள், அவையே சூடாகும். ஒளியிழை வெப்பமானி வேண்டும்.

சூடேற்றும் திறனைத் தொடக்கச் சரிவிலிருந்து எடுங்கள். 5 மி.கி. இரும்பு/மி.லி. கரைசல் நொடிக்கு 0.05 டிகிரி ஏறினால் 4.18 × 0.05 ÷ 0.005 = கிராம் இரும்புக்கு 42 வாட். நீர் மட்டும் உள்ள குழாயின் சரிவை அதற்கு முன் கழிக்க வேண்டும், ஏனெனில் சுருளே சூடாகி அதைக் கதகதப்பாக்கும். மனித உடலுக்கென்று வழக்கமாகச் சொல்லும் எல்லை, புலமும் அதிர்வெண்ணும் பெருகி 4.85 × 10⁸ ஆம்பியர்/மீட்டர்·நொடி. 100 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 4,850 ஆம்பியர்/மீட்டர், 61 ஓயர்ஸ்டட். ஆய்வகச் சுருளில் 200 ஓயர்ஸ்டட் போட்டு எடுத்த வெளியீட்டை எழுதும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

துகளை எப்படிச் சேமிப்பது?

ஈரமாக, 4 டிகிரியில், பிஎச் 5.5-இல். உலர்த்தியே ஆக வேண்டும் என்றால் 5% ட்ரெஹலோஸ் (ஒரு சர்க்கரை) கலந்து உறையவைத்து உலர்த்துங்கள். மருந்தேற்றிய துகளை ஈரமாக வைத்தால் மருந்து கசியும். ஒரு வாரம் கழித்து எடுப்பதாயின் மேல்நீரை மறுபடி அளந்து, கழுவி, ஏற்றத்தைப் புதிதாகக் கணக்கிட்ட பிறகே பையில் போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் அரை மணி நேரத்து 'வெடிப்பு வெளியீடு' குளிர்பெட்டியில் கசிந்த மருந்துதான்.